இருபத்திரண்டு நிமிட வெள்ளைத்தாள்

எங்கள் பீலர் கவுண்டிப் பள்ளி வாரியத்தில் ஐந்து உறுப்பினர்கள். ஆறாவதாக மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான். பெயர் ஓப்பல் ட்ரெடவே. பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். எனக்கு ஓட்டு கிடையாது, பேசும் உரிமையும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அது நடக்கவில்லை என்று தலைவர் சொன்னால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோழி உட்கார்ந்திருக்கும். கேக் வேகும் நேரம் பார்க்கச் சமையலறையில் திருகி வைப்பார்களே, அந்த வகை. பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் வாரியத்தின் முன்னால் மூன்று நிமிடம் பேசலாம். கோழி கிணுகிணு என்றதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் உட்கார்ந்துவிட வேண்டும். உறுப்பினர்கள் பேசும்போது கோழியைத் திருகும் வழக்கம் இல்லை.

தலைவர் வெர்லன் ஸ்டோக்ஸ். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை அவருடைய சோயாவும் பருத்தியும்தான். உயிரியல் ஆசிரியர் ஹார்லன் பிக்ஸ்பி. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவர். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓடையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஹார்லன் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் மூப்பரும்கூட. சாப்பிடும் முன் ஜெபம் சொல்லாமல் ரொட்டியைத் தொடமாட்டார். அவர் மனைவி நடீன்தான் சபையில் பியானோ வாசிப்பாள். அவளுக்கு மூட்டுகளைத் தின்னும் வாதம். மாதம் ஒரு ஊசி போட்டால் விரல்கள் மடங்கும். போடாவிட்டால் மடங்கியது நிமிராது. அந்த ஊசி பள்ளி வேலையோடு வரும் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தது. இது வாரியத்தில் இருக்கும் ஐந்து பேருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் அவள் வாசிக்க அவர்கள்தானே பாடினார்கள்.

எல்லாம் ஒரு ஒட்டுத்தாளில் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் பதினோராவது அத்தியாயம் பரிணாமம். அது பிள்ளைகளின் மனதைக் கெடுக்கிறது என்று ஒருவர் மூன்று நிமிடம் பேசினார். வாரியம் நான்கு மாதம் பேசியது.

“நான் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லீங்க,” என்றார் வெர்லன். “என் டிராக்டரே சேட்டிலைட்டப் பாத்துத்தான் ஓடுது. ஆனா பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியணும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாத் தெரிஞ்சா அவங்களே ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க. அது ஆபத்து.”

அழகு நிலையம் நடத்தும் டார்லா ப்ரூயிட் இரண்டாவது உறுப்பினர். “நான் அந்தப் பாடத்தப் படிக்கல. படிச்சா என் மனசு ஒருதலப்பட்சமாப் போயிடும்னு வேணும்னேதான் படிக்கல,” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலை அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

கடைசியில் அந்தப் புத்தகத்தில் ஒரு எச்சரிக்கை ஒட்டுவதென்று முடிவானது. ஒட்டுத்தாளில் அச்சான வாசகம் இது: ‘இதில் உள்ளவை சிலருடைய கருத்துகள். நம்புவதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்ளவும்.’ எங்களுக்குத் தேவை நூற்றுச் சொச்சம். அச்சகத்தில் ஐயாயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று பள்ளியில் உள்ள எல்லாப் புத்தகத்திலும் ஒட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒட்டினார்கள். ஒரு தகப்பனார், செங்கோண முக்கோணத்தைப் பற்றித் தன் வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை என்று கடிதம் எழுதினார். கார் ஓட்டக் கற்றுத்தரும் கையேட்டில் ஒட்டினார்கள். மறுவாரம் ஒரு பெண், வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையில் நிற்காமல் போய்ப் பால் வண்டியில் மோதினாள். வீட்டில் கேட்டதாகவும், அப்பா நிற்பதில்லை என்றும் போலீஸிடம் சொன்னாள்.

நூலக உதவியாளர் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். எல்லாப் புத்தகமும் என்றால் எல்லாப் புத்தகமும்தான் என்று, நூலகத்தில் இருந்த பெரிய பைபிளிலும் ஒன்று ஒட்டிவிட்டார். அன்றைக்கே அவசரக் கூட்டம். பிய்த்தபோது அட்டையில் இருந்த தங்க எழுத்துகளும் கூடவே வந்துவிட்டன. ஹார்லன்தான் வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரு வாரம் உட்கார்ந்து, நுனித் தூரிகையால் அந்த எழுத்துகளைத் திரும்ப வரைந்து கொடுத்தார். அதற்காக வாரியம் அவருக்கு நன்றி தெரிவித்தது. அந்த நன்றியும் என் குறிப்பில் இருக்கிறது.

அடுத்தது சம நேரம். பதினோராவது அத்தியாயத்தை எத்தனை நிமிடம் நடத்துகிறாரோ அத்தனை நிமிடம் மறுபக்கத்தையும் நடத்த வேண்டும். வகுப்பு நாற்பத்து நான்கு நிமிடம், ஆளுக்குப் பாதி.

ஹார்லன் எழுந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். “நடத்துறேன். மறுபக்கம்னா என்னன்னு எழுதிக் குடுத்தா அத அப்படியே படிச்சுடுவேன்.”

நியாயமான கேள்விதான். ஊரில் மூன்று சபைகளின் போதகர்களைச் சேர்த்து, ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பாப்டிஸ்ட் போதகர், கடவுள் உலகைப் படைத்தது ஆறு நாள் என்றால் ஆறு நாள், நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்றார். மெதடிஸ்ட் போதகர் அந்தக் காலத்து நாள் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்றார். மூன்றாமவர் ‘இருந்திருக்கலாம்’ என்ற வார்த்தை இருக்கும் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். நான்கு முறை கூடினார்கள். நான்கு முறையும் டோனட் வாங்கி வைத்தேன். அது நன்றாக இருக்கிறது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

கடைசியில் தலைநகரிலிருந்து வாரியத்தின் வக்கீல் வந்தார். போதகர்கள் ஒன்றும் எழுதாமல் மேசையில் விட்டுப்போன வெள்ளைத்தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“அரசுப் பள்ளியில வேதத்தப் பாடமாக்கக் கூடாதுன்னு சட்டம். இவங்க எதை எழுதினாலும் நாளைக்குக் கேஸ் வரும். தோத்துடுவோம். வாரியம் எத வேணா நம்பலாம், எழுதித்தான் வைக்கக் கூடாது. ஆனா இது இருக்கு பாருங்க, இதுல எந்தக் கோர்ட்டும் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது,” என்றார்.

ஐந்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வெள்ளைத்தாள் பாடமாக ஏற்கப்பட்டது. அதை நகலெடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் வேலை எனக்கு. மூலத்தாளின் வலது மூலையில் ஒரு புள்ளி இருந்திருக்கிறது. டோனட் துகளோ என்னவோ. எல்லா நகலிலும் அது விழுந்துவிட்டது. புள்ளி தேர்வில் வருமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஹார்லன் முறைப்படி வாரியத்துக்கு எழுதிக் கேட்டார். வாரியம் வக்கீலைக் கேட்டது. வக்கீல் இன்னும் பதில் எழுதவில்லை.

நான் அந்த வகுப்பைப் பார்த்திருக்கிறேன். டார்லா கோழியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு நிமிடம் ஹார்லன் பாடம் நடத்தினார். கோழி கிணுகிணுத்தது. உடனே புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பிள்ளைகளும் அவரவர் தாளைப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் ஹார்லனுக்குக் கை வலித்தது. தாளைக் கொஞ்சம் தாழ்த்தினார். டார்லா தொண்டையைச் செருமினாள். திரும்பத் தூக்கிப் பிடித்தார்.

“என்ன பிரதர் ஹார்லன், இப்படி ஆயிடுச்சே,” என்று வெளியே வந்து கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் புரியல, மிஸ் ஓப்பல். நான் கர்த்தர நம்புறவன். அவர் இவ்வளவு பேசியிருக்காரு, அவர் பக்கத்துக்கு வெறுந்தாளத் தூக்கிப் பிடிக்கச் சொல்றாங்களே. எனக்கே வெக்கமா இருக்கு,” என்றார். பிறகு, “நடீனுக்கு அடுத்த ஊசி பதினாலாம் தேதி. அதுவரைக்கும் எத வேணா பிடிப்பேன்,” என்று சிரித்தார்.

பிப்ரவரியில் விவசாயிகள் கூட்டம். வருடாவருடம் பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் நடக்கும். பொரித்த கெளுத்தி மீனும் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரும் உண்டு. அரங்கத்தின் சாவி என்னிடம் என்பதால் நானும் இருப்பேன். அந்த வருடம் கவுண்டி முழுக்க ஒரே புலம்பல். பன்றிக்கீரை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தண்டு கைப்பிடி கனத்துக்கு முற்றி, அறுவடை இயந்திரத்தின் பல்லையே உடைக்கிற களை. முன்பெல்லாம் ஒரு முறை மருந்து அடித்தால் சுருண்டு விழும். இப்போது மருந்து அடித்தால் குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கிறது.

வேளாண் அலுவலர் ஒரு இளம்பெண். மேடையேறிச் சொன்னாள்:

“பன்னெண்டு வருஷமா ஒரே மருந்த அடிச்சீங்க. சாகுறது செத்துச்சு. சாகாதது ஒண்ணு ரெண்டு வரப்போரமா நின்னுச்சு. ஒண்ணு ரெண்டுதானேன்னு விட்டீங்க. ஒரு செடி லட்சக்கணக்குல விதை போடும். அத்தனையும் தாயக் கொண்டுதான் பொறக்கும். இப்ப உங்க வயல்ல நிக்கிறது பூரா அந்த ஒண்ணு ரெண்டோட பேரன் பேத்திங்க.”

முந்நூறு விவசாயிகள் வாயில் மீனோடு தலையாட்டினார்கள். ஒருவரும் மறுபக்கம் கேட்கவில்லை. வெர்லன் முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். கையைத் தூக்கி, “அப்ப அதப் பொறுக்கி எடுத்து வளத்ததே நாமதானாம்மா?” என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

ஹார்லன் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கித் தன் வகுப்பைக் கூட்டிவந்து கடைசி பெஞ்சுகளில் உட்காரவைத்திருந்தார். எல்லாம் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். கூட்டம் முடிந்து எழுந்தபோது அவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “இதுதான் பதினோராவது அத்தியாயம்.”

அடுத்த மேசையில் டார்லா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் விசாரணை. குற்றச்சாட்டை நான்தான் தட்டச்சு செய்தேன்: மேற்படி ஆசிரியர் நாற்பது நிமிடம் ஒரு பக்கத்தை மட்டும் மாணவர்களுக்குக் காட்டினார், வெள்ளைத்தாள் பூஜ்யம் நிமிடம். அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது கேள்வி. அவருக்கும் மூன்று நிமிடம் கொடுத்தார்கள். நடீன் முன்வரிசையில் கையுறை போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கோழியைத் திருகினார்கள்.

“வெர்லன், இந்த வருஷம் மருந்த மாத்திட்டியாமே. ஏன்?” என்று ஆரம்பித்தார் ஹார்லன்.

“பழசு கேக்கல.”

“பன்னெண்டு வருஷம் முன்னாடி கேட்டுச்சே?”

“அப்ப களை வேற மாதிரி இருந்துச்சுடா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சட்டென்று வெர்லனின் முழங்கையைப் பிடித்தார். “தலைவர் இப்ப சொன்னது விவசாயியாச் சொன்னது. தலைவராச் சொல்லல. குறிப்புல இருக்கக் கூடாது,” என்றார். நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

“வேற மாதிரின்னா எப்படி வேற மாதிரி ஆச்சு?” ஹார்லன் விடவில்லை. வகுப்பில் பதிலுக்குக் கிட்டே வந்துவிட்ட பிள்ளையிடம் பேசுகிற குரல் அது. “நீயே சொல்லு. நீ அன்னைக்கு மூணு பக்கம் எழுதினியே.”

“டேய் ஹார்லன், அது களை. நாம மனுஷங்க. நான் எழுதினது விவசாயம். உன் புத்தகத்துல இருக்கறது கருத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாத.”

“அந்தப் பொண்ணு சொன்னத ஒரு வார்த்த மாத்தாமத்தான் புத்தகத்துலயும்…”

“அந்தப் பொண்ணு அத்தியாயம்னு சொல்லலியே!” என்றாள் டார்லா. “அவ மருந்துன்னுதான் சொன்னா. நான் பக்கத்துலயேதான் நின்னேன்.”

ஹார்லன் திரும்பி நடீனைப் பார்த்தார். அப்போதுதான் தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்ததுபோல் முகம் மாறியது. “வேலை போனாக்கூடப் பரவால்ல வெர்லன். ஊசி… நடீனுக்கு அந்த ஊசி மட்டும்…”

கோழி கிணுகிணுத்தது.

இருபத்தாறு வருடம் மணி அடித்தால் நிறுத்திப் பழகிய மனிதர். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு வினாடி பேசியிருந்தால் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். நானும் அந்தக் கோழியைக் கையால் பொத்தியிருக்கலாம். என் நாற்காலியிலிருந்து எட்டும் தூரம்தான். பொத்தவில்லை. ஐந்துக்குப் பூஜ்யம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ‘விவாதம் இல்லை’ என்று எழுதினேன்.

ஜூன் மாதம் கூட்டக் குறிப்பில் தலைவரின் கையெழுத்து வாங்க வெர்லனின் வயலுக்குப் போனேன். புது மருந்துக்கும் பன்றிக்கீரை சாகவில்லை. சோயாவைக் காணோம், சோயாவுக்கு மேலே இடுப்பளவுக்குக் களை. வெர்லன் வண்டியில் சாய்ந்து நின்றார். எதிரே கையில் அட்டையோடு ஹார்லன். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் வயல் வயலாக நடந்து களையும் பூச்சியும் எண்ணிச் சொல்லும் வேலை கிடைத்திருந்தது. கோடைகால வேலை; காப்பீடு கிடையாது.

“எண்ணினது போதும்டா. என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லு,” என்றார் வெர்லன்.

நானாக இருந்தால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேராகப் பிடித்திருப்பேன். ஹார்லன் அப்படிப்பட்டவர் இல்லை. குந்தி உட்கார்ந்தார். ஒரு செடியைப் பிடுங்கினார், பக்கத்தில் கருகிக் கிடந்த இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் மண்ணில் சேர்த்து வைத்தார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வெர்லனும் குந்தினார். முக்கால் மணி நேரம். கோழி இல்லை. வெர்லன் கேட்டதுபோன்ற கேள்விகள் பத்தொன்பது வருடத்தில் வாரியத்தில் ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. அவ்வளவு நல்ல கேள்விகள்.

“அப்ப இதுங்க மருந்தப் பாத்து மாறிக்கல. முன்னாடியே மாறி இருந்தது மட்டும் மிஞ்சியிருக்கு. மிஞ்சினதுதான் பெருகியிருக்கு. அப்படித்தானே?” என்றார் வெர்லன்.

ஹார்லனின் முகத்தைப் பார்க்க வேண்டும். “இருபத்தாறு வருஷத்துல ஒரு பிள்ளகூட இவ்வளவு சுத்தமாச் சொன்னதில்லடா,” என்றார். கண் கலங்கியிருந்தது. வேலையைப் பறித்தவனிடம் சொல்கிறோம் என்பதே மறந்துவிட்டிருக்கும்.

“அப்படின்னா ஒரு செடிகூட விதை விடக் கூடாது.”

“ஒண்ணுகூட.”

மறுநாளே வெர்லன் ஆள் இறக்கினார். களைக்கொத்தோடு முப்பது பேர், அவருடைய இரண்டு மகன்கள், மனைவி, அவரும்தான். ஹார்லனும் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு செடியாக வேரோடு வெட்டி, வயலுக்கு வெளியே சுமந்துபோய் எரித்தார்கள். ஆகஸ்டில் கவுண்டியிலேயே சுத்தமான சோயா வயல் அது ஒன்றுதான். அக்கம்பக்கத்து விவசாயிகள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெர்லன் வரப்பில் குந்தி, இரண்டு செடியை மண்ணில் வைத்து, அவர்களுக்கும் விளக்கினார்.

அதே ஆகஸ்டில் சபையில் பியானோவுக்கு டார்லாவின் தங்கை வந்தாள். நடீன் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை ஹார்லன்தான் அவளுக்காகப் புரட்டுகிறார்.

செப்டம்பர் கூட்டத்தில் ஒட்டுத்தாள் தீர்மானம் ஆண்டுப் புதுப்பித்தலுக்கு வந்தது. தீர்மானத்தை வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். வெர்லனின் உள்ளங்கையில் களைக்கொத்து பிடித்த கொப்புளம் காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையைத் தூக்கித் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். இந்த வருடம் பதினோராவது அத்தியாயத்தின் பக்கங்களை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிடலாம் என்று ஒரு திருத்தமும் சேர்த்தார். ஐந்துக்குப் பூஜ்யம்.

புது உயிரியல் ஆசிரியர் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். அத்தியாயம் மூடியிருப்பதால் நாற்பத்து நான்கு நிமிடமும் வெள்ளைத்தாளையே நடத்துகிறார். வகுப்பில் சத்தம் குறைந்திருக்கிறது என்று வாரியம் அவரைப் பாராட்டியது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. வெர்லன் வண்டிக் கதவைத் திறந்தபோது, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“மிஸ்டர் ஸ்டோக்ஸ், அன்னைக்கு வரப்புல பிரதர் ஹார்லன் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுதானே?”

அவர் கோபப்படவில்லை. “நல்லாவே புரிஞ்சுது, மிஸ் ஓப்பல். புரிஞ்சதாலதான் பயிர் தப்பிச்சுது.”

“பின்ன ஏன்…?”

“வயல்ல தெரிஞ்சத மறைச்சா நிக்காதும்மா. பயிர் போயிடும்.”

“பிள்ளைங்க?”

நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டதுபோல் அன்பாகச் சிரித்தார். “பிள்ளைங்க எங்க போயிடப் போறாங்க? இங்கதானே இருக்கப் போறாங்க.” வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். “இது கூட்டம் முடிஞ்சப்புறம் பேசினது. குறிப்புல வேண்டாம்.”

சரி ஐயா என்றேன். வீட்டுக்குப் போய்ச் செப்டம்பர் குறிப்பை எழுதி முடித்தேன். கடைசி வரி வழக்கமானதுதான்: விவாதம் இல்லை, கூட்டம் முடிந்தது.